எடை எழுதாத மருந்துச் சீட்டு

சத்துக்குறைவு என்றதும் நமக்கு அங்கன்வாடிக் குழந்தைகள்தாம் நினைவுக்கு வருகிறார்கள். மாதாமாதம் மாத்திரை வாங்கிச் சாப்பிடும் பெரியவர்களும் அந்தக் கணக்கில் உண்டு. மெலிந்த உடம்புக்குள் போகும் மருந்து, தேறிய உடம்புக்குள் வேலை செய்வதுபோல வேலை செய்வதில்லை. சில சமயம் அந்த மருந்தே ஆளைச் சாய்த்துவிடும்.

சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு 2025 ஏப்ரலில் பாங்காக்கில் நடத்திய மாநாடு இந்தப் பேச்சுக்கு வழி திறந்திருக்கிறது. சத்துக்குறைவோடு வளர்ந்த ஒல்லியானவர்களுக்கு வரும் சர்க்கரை நோயை அங்கே ‘ஐந்தாம் வகை’ என்று தனியாகப் பிரித்தார்கள். இதற்கு அடித்தளமிட்ட ஆய்வு வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் நடந்தது. வேலூரிலிருந்து தெற்கே சுமார் 40 கிலோமீட்டர் போனால் ஆரணி. பட்டுக்கும் அரிசிக்கும் பெயர்போன அந்த ஊரின் தறி வீடுகளை மனதில் வைத்துக்கொண்டு இந்த விஷயத்தைப் பார்ப்பது நல்லது.

வேலூர் மருத்துவர் நிஹால் தாமஸ், நியூயார்க்கின் ஆல்பர்ட் ஐன்ஸ்டீன் மருத்துவக் கல்லூரியின் மெரிடித் ஹாக்கின்ஸ் உள்ளிட்டோர் 2022-ல் வெளியிட்ட ஆய்வின் சாரம் எளிமையானது. பருமனானவர்களுக்கு வரும் சர்க்கரை நோயில் இன்சுலின் நிறையச் சுரந்தும் உடம்பு அதற்குக் கட்டுப்படுவதில்லை. இந்த ஒல்லியானவர்களிடம் நிலைமை தலைகீழ். உடம்பு இன்சுலினுக்கு நன்றாகவே கட்டுப்படுகிறது, சுரப்புதான் போதவில்லை. ஆகவே வழக்கமான அளவில் இன்சுலினைப் போட்டால் சர்க்கரை சரசரவென்று இறங்கிவிடும். சாப்பாடும் சரியாக இல்லாத வீட்டில் அது உயிருக்கே உலை வைக்கலாம்.

இது புதிதாய் முளைத்த நோய் அல்ல. 1955-லேயே ஜமைக்காவில் இப்படிப்பட்ட நோயாளிகளைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 1985-ல் இதைத் தன் பட்டியலில் சேர்த்தது. போதிய ஆதாரம் இல்லை என்று 1999-ல் எடுத்துவிட்டது. உலகம் முழுக்க 2 முதல் 2.5 கோடிப் பேருக்கு இது இருக்கலாம் என்று இப்போது மதிப்பிடுகிறார்கள். தனி வகை என்று சொல்வது சரிதானா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. அது நிபுணர்கள் பாடு. ஒல்லியான நோயாளிக்கு மருந்தை அளந்து கொடுக்கவேண்டும் என்பதில் இரண்டு கருத்து இருக்க முடியாது. நான் அழுத்திச் சொல்ல விரும்புவதும் அதைத்தான்: எடையும் சாப்பாடும் தெரியாமல் எழுதும் மருந்துச் சீட்டு பாதிச் சீட்டுதான்.

தறி வீட்டின் சாப்பாட்டு நேரம்

ஆரணி, முள்ளிப்பட்டு, தேவிகாபுரம் பக்கம் குழித்தறி வைத்திருக்கும் வீடுகளில் பொழுது எப்படிப் போகும் என்பது அந்தப் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். விடிந்ததும் ஒரு டீ. வெயில் ஏறுவதற்குள் தறிக் குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்தால், கை நாடாவைத் தள்ளும், கால் மிதிக்கும். ‘இந்த ரெண்டு முழம் முடியட்டும்’ என்று காலைச் சாப்பாடு பத்து, பதினொன்றுக்குத் தள்ளிப்போகும். மதியச் சோறு மூன்று மணிக்கு. ஒரு சேலையை இத்தனை நாளில் இறக்கினால்தான் கூலி என்றிருக்கும்போது பசியைத்தான் தள்ளிப்போட முடியும். பாவு நூல் கிடைக்காத வாரங்களில் கூலியே இல்லை. அப்போது குழம்பிலிருந்து பருப்பும் முட்டையும் சத்தமில்லாமல் கழன்றுகொள்ளும்.

பசி என்று யாரும் வெளியில் சொல்ல மாட்டார்கள். ரேஷனில் அரிசி இலவசம். சோறோ கஞ்சியோ வயிற்றுக்குப் போய்விடுகிறது. குறைவது புரதமும் நுண்சத்தும். தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாவது சுற்றில் தமிழ்நாட்டுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது. நெல் மூட்டை வந்திறங்கும் ஊராக இருந்தாலும் இந்தக் கணக்கிலிருந்து தப்ப முடியாது.

இந்த வீட்டில் ஒருவருக்குச் சர்க்கரை நோய் என்று வைத்துக்கொள்வோம். ‘காலையில் சாப்பாட்டுக்கு முன் ஒன்று’ என்று சீட்டில் இருக்கும். அவர் ஏழு மணிக்கே டீயோடு விழுங்கிவிடுவார். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகள் கணையத்தை அடித்து இன்சுலின் சுரக்கவைப்பவை. சாப்பாடு வந்ததா இல்லையா என்று அவை பார்ப்பதில்லை. ஒன்பது மணிக்குச் சர்க்கரை தாழ்ந்து கை உதறும், வியர்த்துக் கொட்டும், கண் இருட்டும். நாடா தவறும், இழை அறும். ‘படபடன்னு வந்துடுச்சி’ என்று சொல்லி இன்னொரு டீ குடித்துவிட்டு வேலையைத் தொடர்வார்கள். மருத்துவரிடம் இது போய்ச் சேர்வதே இல்லை. அடுத்த மாதப் பரிசோதனையில் சாப்பிட்ட பிறகான சர்க்கரை கூடுதலாக இருந்தால் மாத்திரையின் அளவும் கூடும்.

கிளிபென்கிளமைடை 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத் தரவேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலே சொல்கிறது. காரணம் இந்தத் தாழ்சர்க்கரைதான். வயதோடு மெலிவும் பட்டினியும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும் எம்பாகிளிஃபுளோசின் வகை மாத்திரைகளும் இப்போது புழக்கத்தில் கூடிவிட்டன. 2025 மார்ச்சில் எம்பாகிளிஃபுளோசினின் காப்புரிமை முடிந்ததும் அதன் விலை சடசடவென்று இறங்கியது. நல்ல மருந்துகள்தாம், இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் உதவுபவை. ஆனால் உடல் எடையைக் குறைப்பது இவற்றின் இயல்பு. 40 கிலோ ஆளிடம் குறைக்க என்ன இருக்கிறது? இன்சுலின் சுரப்பே குறைவான மெலிந்த உடம்பில் இவை ரத்தத்தில் அமிலத்தைக் கூட்டிவிடும் ஆபத்தும் உண்டு.

உடம்புக்குள் என்ன நடக்கிறது?

ரத்தத்தில் அல்புமின் என்றொரு புரதம் இருக்கிறது. பல மருந்துகள் டவுன் பஸ்ஸில் ஏறுவதுபோல அதில் ஏறிக்கொண்டுதான் ரத்தத்தில் சுற்றுகின்றன. பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும் மருந்து வேலை செய்யாது. இறங்கியதுதான் வேலை செய்யும். நோயும் சத்துக்குறைவும் சேர்ந்து அல்புமினைக் குறைத்துவிட்டால், ஏற இடமில்லாமல் தெருவில் நிற்கும் மருந்து கூடிவிடுகிறது.

வலிப்பு நோய்க்குத் தரும் ஃபெனிடாயின் இதற்குச் சரியான உதாரணம். இயல்பாக அதில் 90 சதவீதம் அல்புமினோடு ஒட்டியிருக்கும், 10 சதவீதம்தான் வேலை செய்யும். அல்புமின் பாதியாகக் குறைந்தால் அந்த 10 ஏறத்தாழ இரட்டிப்பாகிவிடும். இதில் ஒரு கண்ணி இருக்கிறது. ஆய்வகம் வழக்கமாக அளப்பது மொத்த மருந்தின் அளவை. ரிப்போர்ட்டில் ‘நார்மல்’, சமயத்தில் ‘குறைவு’ என்றுகூட வரும். நோயாளியோ தள்ளாடி நடப்பார், நாக்குக் குழறும், தூங்கி வழிவார். ரிப்போர்ட்டை மட்டும் பார்த்து மாத்திரையைக் கூட்டினால் நிலைமை இன்னும் மோசமாகும்.

அடுத்தது கல்லீரல். பாராசிட்டமால் அளவோடு சாப்பிட்டால் பாதுகாப்பானது. அது உடையும்போது கொஞ்சம் நச்சு உண்டாகும். குளுட்டதயோன் என்ற பொருளைக் கொண்டு கல்லீரல் அதை முறித்துவிடும். பட்டினி கிடப்பவரிடம் அந்தப் பொருளின் இருப்பே குறைவு. 50 கிலோவுக்குக் கீழே இருப்பவர்களுக்கு ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்று கணக்கிட்டுத் தருவது முறை. 38 கிலோ இருப்பவருக்கு அது 570 மில்லிகிராம். கடையில் கேட்காமலே கையில் வருவது 650. காய்ச்சலும் வாய்க்கசப்புமாகச் சோறு இறங்காத நாட்களில் அதை நான்கு வேளை, ஐந்து நாள் என்று விழுங்குகிறோம்.

இதோடு நம் ஊர்களின் ‘செட் மாத்திரை’யையும் சேர்க்கவேண்டும். நாளெல்லாம் குழிக்குள் குனிந்திருப்பவருக்கு இடுப்பும் முதுகும் கழுத்தும் ஓயாமல் வலிக்கும். மெடிக்கல் ஷாப்பில் ‘உடம்பு வலிக்கு ரெண்டு செட்’ என்றால் காகிதத்தில் மடித்துக் கொடுப்பார்கள். பெயரும் இருக்காது, அளவும் தெரியாது. வலி மாத்திரை, பாராசிட்டமால், பல நேரம் ஒரு சின்ன ஸ்டீராய்டு. வெறும் வயிற்றில் போட்டால் வலி மாத்திரை வயிற்றைப் புண்ணாக்கும். தண்ணீர் குறைவாகக் குடிக்கும் உடம்பில் சிறுநீரகத்தையும் பதம் பார்க்கும். ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும், தசையைக் கரைக்கும். ஏற்கெனவே மெலிந்தவர் இன்னும் மெலிவார், அவருக்கு இன்னும் அதிகச் சர்க்கரை மாத்திரை எழுதப்படும். இந்தச் சுழலைக் கண்டுபிடிக்க ஆய்வகம் தேவையில்லை, மடித்த காகிதத்தைப் பிரித்துப் பார்த்தால் போதும்.

எனக்கு மிகவும் கவலை தருவது சிறுநீரகக் கணக்கு. கிரியாட்டினின் என்ற ரத்தப் பரிசோதனையை வைத்துத்தான் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று பார்க்கிறோம். கிரியாட்டினின் தசையிலிருந்து வருவது. தசையே இல்லாதவரிடம் அது எப்படிக் கூடும்? 65 வயது, 36 கிலோ எடையுள்ள ஒரு பெண்ணுக்குக் கிரியாட்டினின் 0.9 என்று வந்தால் ரிப்போர்ட் ‘நார்மல்’ என்றே சொல்லும். மருத்துவர்கள் வெகுகாலமாகப் பயன்படுத்தும் வாய்ப்பாட்டில் அவருடைய வயதையும் எடையையும் போட்டால் சிறுநீரகம் வடிகட்டுவது நிமிடத்துக்கு 35 மில்லி அளவில் வருகிறது. நல்ல நிலையில் உள்ள இளவயதுக்காரருக்கு அது 100 சுமாருக்கு இருக்கும். மெட்ஃபார்மின், நரம்பு வலிக்குத் தரும் காபாபென்டின், சில ஆன்டிபயாடிக்குகள் எல்லாம் அளவு குறைக்கவேண்டிய இடத்துக்கு அந்தப் பெண் எப்போதோ வந்துவிட்டார். எடையை எழுதியிருந்தால் இது இரண்டு நிமிட வேலை.

மெட்ஃபார்மினை ஆண்டுக்கணக்கில் சாப்பிடுபவர்களுக்கு வைட்டமின் பி12 குறையும். முட்டை, பால், மீன் எட்டாத வீட்டில் இன்னும் வேகமாகக் குறையும். முதலில் பாதம் மரத்துப்போகும், பிறகு விரல் நுனி. அறுந்த இழையைத் தடவிப் பார்த்து முடிச்சுப் போடும் விரல் அது.

சென்னையில் படித்த பாடம்

காசநோய் விஷயத்துக்கு வந்தால் தமிழ்நாட்டுக்குச் சொல்ல ஒரு கதை இருக்கிறது. சென்னை சேத்துப்பட்டில் 1956-ல் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கியது. மருத்துவமனையில் சேர்த்து நல்ல சாப்பாடு போட்டு மருந்து கொடுத்தவர்களையும், ஏழை வீட்டிலேயே இருந்து அதே மருந்தைச் சாப்பிட்டவர்களையும் ஒப்பிட்டார்கள். இரு தரப்பும் ஏறக்குறைய ஒரே மாதிரி குணமானது உலகத்தையே திரும்பிப் பார்க்கவைத்தது. காசநோய் விடுதிகள் மூடப்பட்டன. கோடிக்கணக்கானவர்கள் வீட்டிலிருந்தே சிகிச்சை பெற வழி பிறந்தது.

அதே மையம் 1960-களின் தொடக்கத்தில் வேறொன்றையும் கண்டது. ஐசோனியாசிட் மருந்து சிலருக்குக் கைகால் எரிச்சலையும் மரத்துப்போவதையும் தந்தது. அந்த மருந்து உடம்பிலிருந்து பி6 வைட்டமினைப் பறிக்கிறது. மருந்தை மெதுவாகச் செரிக்கும் உடல்வாகு உள்ளவர்களுக்குப் பாதிப்பு அதிகம், தென்னிந்தியரில் அப்படிப்பட்டவர்கள் நிறைய. கொஞ்சம் பி6 சேர்த்துக் கொடுத்தால் தடுத்துவிடலாம் என்றும் காட்டினார்கள். சாப்பாடும் மருந்தும் எங்கே மோதுகின்றன என்பதற்குச் சேத்துப்பட்டு கொடுத்த சாட்சி இது. ஆனால் முதல் கண்டுபிடிப்பின் வெளிச்சத்தில் ‘மருந்து இருந்தால் போதும், சாப்பாடு முக்கியமில்லை’ என்ற எண்ணமே பல காலம் நின்றுவிட்டது. அந்த மையம் அப்படிச் சொல்லவில்லை என்பதே என் வாசிப்பு. கேட்டவர்கள் அப்படிப் புரிந்துகொண்டார்கள்.

அந்த எண்ணத்தைத் திருத்தியது 2023-ல் வெளியான ஜார்க்கண்ட் ஆய்வு. மங்களூரு மருத்துவர்கள் அனுராக் பார்கவா, மாதவி பார்கவா ஆகியோருடன் சேத்துப்பட்டு மையத்தின் இன்றைய வடிவமான தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமும் அதில் கைகோத்தது. 2,800 நோயாளிகளுக்கு மாதம் 10 கிலோ அளவில் அரிசி, பருப்பு, பால் பவுடர், எண்ணெய் கொடுத்தார்கள். முதல் இரண்டு மாதத்தில் எடை 5 சதவீதம் ஏறியவர்களிடம் இறப்பு அபாயம் 61 சதவீதம் குறைவாக இருந்தது. 40 கிலோ ஆளுக்கு 5 சதவீதம் என்பது இரண்டு கிலோ.

மெலிந்தவர்களிடம் காசநோய் மாத்திரைகள் கல்லீரலைத் தாக்கும் வாய்ப்பும் கூடுதல். குமட்டல், வாந்தி, அடர் மஞ்சளாகப் போகும் சிறுநீர் என்று வந்தால் ‘மாத்திரை சூடு’ என்று மோர் குடித்துக்கொண்டு வீட்டில் இருந்துவிடக் கூடாது. இந்த மாத்திரைகளே எடை வரிசைப்படி தரப்படுபவை: 25 முதல் 34 கிலோ வரை தினம் இரண்டு, 35 முதல் 49 வரை மூன்று. 33 கிலோவில் தொடங்கியவர் தேறி 39 ஆனால் எண்ணிக்கையும் மாறவேண்டும். மாதாமாதம் எடை பார்க்காமல் இது நடக்காது.

தமிழ்நாடு 2022 ஏப்ரலில் தொடங்கிய ‘காசநோய் இறப்பில்லா திட்டம்’ இந்த வழியில் ஒரு நல்ல முன்மாதிரி. காசநோய் என்று உறுதியான அன்றே ஊழியர் சிலவற்றை மட்டும் பார்க்கிறார். உயரத்துக்கு ஏற்ற எடை உண்டா, காலில் வீக்கமா, மூச்சு வாங்குகிறதா, எதையும் பிடிக்காமல் நிற்க முடிகிறதா. உடல் நிறைக் குறியீடு 14 அல்லது அதற்குக் கீழே இருந்தால் உடனே மருத்துவமனையில் சேர்க்க அனுப்புகிறார்கள். 155 செ.மீ. உயரமுள்ள ஒருவருக்கு அது 34 கிலோவுக்கும் சற்றுக் குறைவு. எடை மெஷின், அளவு நாடா, ஒரு தாள் இருந்தால் பெரும்பகுதி முடிந்தது. இதைக் காசநோயோடு நிறுத்திக்கொள்ள என்ன காரணம் என்று எனக்குப் புரியவில்லை.

செய்யக்கூடியவை

முதல் வேலை மருந்துச் சீட்டில் எடைக்கு ஒரு கட்டம். குழந்தைக்கு எடை பார்க்காமல் எந்த மருத்துவரும் மருந்து எழுத மாட்டார். 45 கிலோவுக்குக் கீழே இருக்கும் பெரியவர்களுக்கும் அதே கட்டாயம் வரட்டும். சுகாதாரத் துறை ஒரு சுற்றறிக்கை போட்டால் அரசு மருத்துவமனைகளில் நாளையே தொடங்கிவிடலாம். தனியார் கிளினிக்குகளை இந்திய மருத்துவச் சங்கத்தின் கிளைகள் வழிக்குக் கொண்டுவரலாம்.

இரண்டாவது, ‘மக்களைத் தேடி மருத்துவம்’. 2021 ஆகஸ்டில் தொடங்கிய இத்திட்டத்தின் தன்னார்வலர்கள் ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுபோகிறார்கள். ‘மாத்திர ஒழுங்கா போட்றீங்களா ஆயா?’ என்று கேட்பதோடு இன்னும் இரண்டு கேள்வி சேரட்டும்: ‘காலைல எத்தினி மணிக்குச் சாப்பிட்றீங்க? போன மாசத்துக்கு இப்ப ரவிக்கை லூசாயிடுச்சா?’ பையில் ஒரு சிறிய எடை மெஷின் இருந்தால் கேள்வியே வேண்டாம். எடை மூன்று கிலோ குறைந்திருந்தால் பழைய அளவையே மறுபடி கொடுக்காமல் மருத்துவர் ஒருமுறை பார்த்த பிறகு தரவேண்டும் என்ற விதி போதும்.

மாத்திரை நேரத்தைச் சாப்பாட்டு நேரத்தோடு கட்டவேண்டும். ‘காலை, மதியம், இரவு’ என்று எழுதாமல் ‘முதல் சாப்பாட்டோடு’ என்று எழுதினால், பதினொரு மணிக்குச் சாப்பிடும் நெசவாளர் பதினொரு மணிக்குத்தான் போடுவார். சாப்பிடாத நாளில் எதை நிறுத்தலாம், எதை நிறுத்தவே கூடாது என்பதையும் மருத்துவரே சீட்டில் குறித்துத் தரவேண்டும். இதைப் படித்துவிட்டு யாரும் தாமாக மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. இன்சுலினையோ வலிப்பு மருந்தையோ திடீரென்று விட்டால் வேறு ஆபத்து வரும்.

ஆரணிப் பக்கத்துப் பட்டுக் கூட்டுறவுச் சங்கங்களுக்குக் கூலி வாங்கவும் பாவு வாங்கவும் நெசவாளர்கள் வந்துபோகிறார்கள். அங்கேயே ஒரு எடை மெஷின் வைக்கலாம். மாதம் ஒருமுறை ஆரம்பச் சுகாதார நிலையத்து மருந்தாளுநர் ஒருவர் உட்கார்ந்து, நெசவாளர்கள் கொண்டுவரும் மாத்திரைகளை எல்லாம் ஒன்றாகப் பரப்பிப் பார்க்கலாம். ஒரே மருந்து இரண்டு பெயரில் இருக்கிறதா, செட் மாத்திரையில் ஸ்டீராய்டு இருக்கிறதா என்பதெல்லாம் அப்போதுதான் வெளியே வரும். சீட்டு இல்லாமல், பெயர் இல்லாமல் மாத்திரை மடித்துக் கொடுப்பதை மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை கண்டும் காணாமல் விடுவது இதோடு முடியவேண்டும்.

கடைசியாகப் பணம். காசநோயாளிகளுக்கு மாதம் 500 ரூபாயாக இருந்த சத்துணவு உதவி 2024 நவம்பரிலிருந்து 1,000 ஆகியிருக்கிறது. வரவேற்கலாம், ஆனால் எடை ஏறவேண்டியது முதல் இரண்டு மாதத்தில். பணம் மூன்றாவது மாதத்தில் வங்கிக் கணக்கில் விழுந்தால் பயன் பாதிதான். நோய் உறுதியான வாரத்திலேயே முதல் தவணை போய்ச் சேரவேண்டும். உடல் நிறைக் குறியீடு 16-க்குக் கீழே உள்ள சர்க்கரை நோயாளிகளுக்கும் வலிப்பு நோயாளிகளுக்கும் ரேஷன் கடை வழியாகவே கூடுதலாக ஒரு கிலோ பருப்பு, தினம் ஒரு முட்டைக்கான தொகை என்று தொடங்கலாம். திருவண்ணாமலை மாவட்டத்தில் ஆரணியை வைத்தே ஓராண்டு செய்து பார்க்கட்டும். தாழ்சர்க்கரை மயக்கத்தோடு மருத்துவமனைக்கு வருபவர்களின் எண்ணிக்கையை முன்னும் பின்னும் எடுத்து வைத்தால் மற்ற தறி ஊர்களுக்கு எப்படிக் கொண்டுபோவது என்பது தெரிந்துவிடும்.